காருக்குக் கொடுத்த நல்ல தண்ணீர்

எஞ்சினை நிறுத்திய பிறகு நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு விழுந்தது. காரின் மூக்குக்குக் கீழே பழைய காலண்டர் மட்டை ஒன்றை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று முறை எண்ணினேன். முதல் இரண்டு முறையும் இருபத்திரண்டு. மூன்றாவது முறை இருபத்தொன்று. அந்த நேரம் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டதால் ஒரு சொட்டைத் தவறவிட்டிருப்பேன்.

இது எட்டு வருடங்களுக்கு முந்திய கதை. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது, காருக்கு இருபத்தாறு. ஜப்பானில் ஏழு வருடம் ஓடிவிட்டு எங்களிடம் வந்த வெள்ளைக் கார். இன்றும் கொட்டிலில் நிற்கிறது. ஓட்டுவதற்கு என் கண் போதாது. சில காலை நேரங்களில் பொனெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடுகிறேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த றப்பர் வாசனையும் தூசியும் மூக்கில் பட்டவுடன் அந்த ஒரு கிழமையின் ஏழு நாளும் அப்படியே திரும்பி வந்துவிடுகின்றன. அதற்காகத்தான் திறக்கிறேன்.

எங்கள் வீடு கற்பிட்டி வீதியில், கடலோடு சேர்ந்த களப்பின் கரையோரம். கிணறு வளவுக்குள்ளேயே இருக்கிறது. பதினான்கு அடி ஆழம், வற்றியதே கிடையாது. ஆனால் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், உடுப்புத் துவைக்கலாம், தொழுகைக்கு வுழுச் செய்யலாம். வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்று பெயர். அது வெளியிலிருந்துதான் வரும். முன்பு பவுசர் லொறியில் வந்தது, பிறகு வடிகட்டி விற்கும் இடத்திலிருந்து கேன்களில் வந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் முச்சக்கர வண்டிக்காரர் மூன்று கேன் இறக்குவார். ஒன்று இருபது லீற்றர்.

என் மனைவி அந்த அறுபது லீற்றரையும் ஆண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அரிசியை முதல் இரண்டு முறை கிணற்றுத் தண்ணீரில் கழுவுவாள், மூன்றாவது அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். வந்தவர்கள் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் கறிவேப்பிலைக் கன்றுக்குப் போகும். வாய் கொப்பளிக்க நல்ல தண்ணீர் எடுத்த குற்றத்துக்காக மகன் ஒருநாள் காலைச் சாப்பாடு வரைக்கும் ஏச்சு வாங்கினான். வீண்விரயம் செய்தால் மறுமையில் கேள்வி உண்டு என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லப்பட்டது. நல்ல தண்ணீர் விஷயத்தில் அந்தக் கேள்வி மறுமை வரைக்கும் காத்திருக்காது, அடுக்களை வாசலிலேயே கேட்கப்படும்.

அப்படிப்பட்ட வீட்டில் காருக்கு எந்தத் தண்ணீர் போகும்? பத்தொன்பது வருடமும் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன். எங்கள் வீதியில் கார் வைத்திருந்த நான்கு வீடும் அதைத்தான் செய்தன. மனிதன் குடிக்கிறதை இரும்புக்கு ஊற்றுவது பாவம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தளத்திலிருந்து திரும்பும் வழியில் கார் கொதித்தது. வெப்பமானி ஊசி மேலே ஏறியதைக் கண்டு ஓரங்கட்டி, ஐம்பது நிமிடம் ஆறவிட்டு, பின்னால் கேனில் இருந்ததை ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை எலுவன்குளத்திலிருந்து செய்தி வந்தது.

எலுவன்குளத்தில் என் மனைவியின் ராத்தா இருந்தார். இவளைவிட நான்கு வயது மூத்தவர். உடன்பிறந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே. நான் அரசாங்க உத்தியோகத்தில் குளங்களின் நீர்மட்டம் அளந்து எழுதிக்கொண்டு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் திரிந்த காலத்தில், அந்த வீட்டில்தான் தேத்தண்ணி குடிப்பேன். தேத்தண்ணி கொண்டுவந்தவர் ராத்தா. கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள் என் மனைவி.

அந்த ராத்தாவும் இவளும் ஒரு வருடமும் ஏழு மாதமும் பேசவில்லை. காரணம் ஒரு சஹன். எங்கள் கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம், அதுதான் சஹன். ராத்தாவின் பேத்தியின் கல்யாணத்தில் இவளை யாரோ மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு வேறொரு சஹனில் உட்கார வைத்துவிட்டார்கள். கூடப்பிறந்த தங்கையை வெளியாட்களோடு உட்கார வைத்தாள் என்று இவள் சலாம் சொல்லாமல் எழுந்து வந்தாள். சலாம் சொல்லாமல் போனாள் என்று அவர் ஃபோன் எடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் இரண்டு பக்கமும் போய்க் கதைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினேன்.

இப்போது ராத்தா ஹஜ்ஜுக்குப் போகிறார். அடுத்த புதன்கிழமை பயணம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் போகும் முன் சொந்தக்காரர் எல்லோரிடமும் மாப்புக் கேட்டு, கொடுத்து, மனதைச் சுத்தமாக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். வயது எழுபதை நெருங்கியவர், நெஞ்சு வருத்தம் உள்ளவர், போய் வருவாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். “உம்மா சாச்சியை ஒருக்கா வரச் சொன்னா” என்று ராத்தாவின் மகன் எனக்கு ஃபோன் எடுத்தான்.

விஷயத்தை என் மனைவியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் கேன்களை எண்ணி உள்ளே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“ராத்தா போறாவாம்.”

“ஓம்.”

“சனிக்கிழமை போவம்.”

“போவம். கார் சரியில்ல. ஒரு வேனைப் பிடிச்சா...”

“வேனா? வேன் பிடிச்சிப் போனா, சண்டை தீர்க்க வந்திரிக்காள் எண்டு அந்த முழுக் குடும்பமும் வாசல்ல வந்து நிக்கும். நம்மட கார்ல போனா சும்மா போன மாதிரி. இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தோம், அப்பிடியே எட்டிப் பாத்தோம் எண்டு சொல்லலாம்.”

“அறுபது கிலோமீற்றர் தாண்டி, காட்டோரத்தில, நமக்கு என்ன அலுவல்?”

“அத நான் பாத்துக்குவன். நீங்க காரைப் பாருங்க.”

முழங்கால் வருத்தத்தால் அவளால் பஸ்ஸில் ஏற முடியாது. பாலாவியில் எனக்குத் தெரிந்த கராஜுக்கு ஃபோன் எடுத்தேன். வாசலில் ஒன்பது வாகனம் நிற்கிறது, அடுத்த கிழமைக்குப் பிறகு வாருங்கள் என்றார்கள். சனிக்கிழமைக்கு நான்கு நாள். கார் ஓடாவிட்டால் இவள் போகமாட்டாள். போகாவிட்டால் அவர் அந்தப் பாரத்தோடு விமானம் ஏறுவார், இவள் அந்தப் பாரத்தோடு வீட்டில் இருப்பாள். நான் இவளோடு இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை ஐம்பது வயதில் என் இடது முழங்கை கற்றுக்கொண்டது. மூடியைக் கழற்றி, கீழே பெரிய பேசனை வைத்து, அடியிலுள்ள வடிகால் திருகைத் திருப்பினேன். அசையவில்லை. அதற்கு மேல் பலம் கொடுத்தால் உடைந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த றப்பர்க் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி அதையே கழற்றினேன். துருப்பிடித்த தண்ணீர் கொட்டியது. அளந்து பார்த்தேன். நான்கரை லீற்றர். காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் ரேடியேட்டர் படத்துக்குப் பக்கத்தில் ஆறு என்று இலக்கம் போட்டிருந்தது எனக்குப் புரியும். ஒன்றரை லீற்றர் எங்கேயோ போயிருக்கிறது.

போன இடமும் தெரிந்தது. குழாயின் நுனியில், கிளிப் இறுக்கும் இடத்துக்குக் கீழே, விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. குழாய் மாட்டும் உலோகக் கழுத்திலும் அதே பொருக்கு. நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கும் எண்ணம் வந்தது. வைக்கவில்லை.

குழாயைச் சீலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பாலாவிக்குப் போனேன். சந்திக்குப் பக்கத்தில் உதிரிப்பாகக் கடை. கடைக்காரர் குழாயை வாங்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். மேசை வெள்ளையானது.

“சேர், இது ரேடியேட்டர்ல இருந்து வந்ததா, உப்பளத்தில இருந்தா?”

“ஏன்?”

“என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“கிணத்துத் தண்ணி.”

“எந்தப் பக்கம்?”

“களப்புக் கரை.”

அவர் பக்கத்தில் நின்ற லொறிக்காரரைக் கூப்பிட்டார். “இஞ்ச வந்து பாருங்க. நீங்க உப்பு மூட்டை ஏத்த வெயில்ல கிடந்து காயிறீங்க. சேர் வீட்டில கொட்டிலுக்குள்ளயே உப்பு விளைவிக்கிறார்.”

லொறிக்காரர் குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். “நல்ல உப்புத்தான். கறிக்குக் காணும்.”

நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் சிரிப்பு இல்லை. முப்பத்தொரு வருடம் தண்ணீரை அளப்பதைத் தொழிலாகச் செய்தவன் நான். எந்தக் குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் அங்குலத்தில் சொல்வேன். என் காருக்குள் என்ன தண்ணீர் நிற்கிறது, அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பத்தொன்பது வருடம் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

புதுக் குழாய் ஒன்று, கிளிப் இரண்டு, மூன்று லீற்றர் கூலன்ட், பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று போத்தல் எடுத்தேன். கடைக்காரர் பகிடியை விட்டுவிட்டு ஒழுங்காகச் சொன்னார். “முதல்ல உள்ளுக்கு இரிக்கிறதை நல்லாக் கழுவுங்க சேர். நிரப்பி, ஓட விட்டு, ஆறின பிறகு வடிக்கணும். தெளிவா வாற வரைக்கும். அதுக்குப் பிறகுதான் கூலன்ட் பாதி, இந்தத் தண்ணி பாதி. கழுவுறதுக்கும் நல்ல தண்ணிதான். சவர் ஒரு சொட்டுப் படக் கூடாது.”

“எவ்வளவு போகும்?”

“முப்பது லீற்றர் வையுங்களன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் நான் குழாயைப் பற்றியோ கிளிப்பைப் பற்றியோ யோசிக்கவில்லை. முப்பது லீற்றரை அவளிடம் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது அறுபது. இரண்டு நாளில் பதினேழு போயிருக்கும். மிச்சம் நாற்பத்து மூன்று. அதில் முப்பதை எடுத்தால் பதின்மூன்று. அடுத்த கேன் வர ஐந்து நாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

வியாழக்கிழமை காலை உலோகக் கழுத்திலிருந்த பொருக்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். தேவைக்கு மேல் தேய்த்தேன் என்று நினைக்கிறேன். புதுக் குழாயை மாட்டினேன், கிளிப்பை இறுக்கினேன், தளர்த்தி மறுபடி இறுக்கினேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாமல் போனபோது, அடுக்களை யன்னலுக்கு நேரே நின்று, கடைக்காரர் சொன்னதை ஒரு மூச்சில் சொன்னேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு சீமெந்துத் தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கேனை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளே வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

“இந்தாங்க.”

“குடிக்கிறதுக்கு?”

“இரிக்கிறது காணும். நீங்க ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிக்கிறீங்க. அத மூண்டாக்குங்க.”

அரிசி அளக்கும் சுண்டையும் கொண்டுவந்திருந்தாள். நான் புனலைப் பிடிக்க அவள் சுண்டால் அள்ளி ஊற்றினாள். ஒரு துளி வெளியே சிந்தவில்லை. கூடப்பிறந்தவளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று அவள் வாயால் நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு வருடமும் ஏழு மாதமும் ஒரு நாளும் சொல்லவில்லை. அன்று அந்த முற்றத்தில் நின்று, நல்ல தண்ணீரைச் சுண்டுச் சுண்டாக ரேடியேட்டருக்குள் ஊற்றும் அவளுடைய கையைப் பார்த்துத்தான் எனக்கு அளவு தெரிந்தது.

முதல் தடவை வடித்தது சேறு. இரண்டாவது தடவை பால் விட்ட தேத்தண்ணி. மூன்றாவதைப் பார்த்து, “பிளேன்டீ” என்றாள் அவள். நான்காவது வெளிறிய பிளேன்டீ. அதற்குள் முதல் கேன் முடிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்கு முன் அடுத்ததை இழுத்து வந்தாள். ஐந்தாவது முறை வந்த தண்ணீரைக் கண்ணாடிக் கோப்பையில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தோம். தெளிவு.

ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஆற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த இடைவெளிகளில் கதிரையைக் கொட்டில் நிழலில் போட்டு இருந்தோம். வேலை ஓய்ந்த பிறகு நாங்கள் அப்படி ஒரு பகல் முழுக்கச் சேர்ந்து இருந்தது குறைவு. பழைய பெருநாள் பயணங்களைப் பற்றிக் கதைத்தோம். வருடத்தில் இரண்டு பெருநாளுக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எலுவன்குளம் போவோம். பாலாவியில் சீமெந்து லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, வண்ணாத்திவில்லு வருவதற்குள் கார் ஒரு தரம் கொதிக்காமல் இருக்காது. கொதித்தால் யாரும் பதறுவதில்லை. வீதியோரம் எந்த வீட்டுக்கு முன்னால் நின்றாலும் ஒரு தார்ப் பீப்பாயில் தண்ணீர் இருக்கும். எதிரே வரும் வாகனம் வேகத்தைக் குறைக்கும், ஒரு தலை வெளியே வரும். “கொதிச்சிட்டுதா?” என்று கேட்கும். அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட சலாம் மாதிரி. ஆறும் வரைக்கும் மரத்தடியில் பாய் விரித்து இவள் சோற்றுப் பார்சலைப் பிரிப்பாள். பிள்ளைகள் மயில் எண்ணுவார்கள். ஒரு தடவை முப்பத்தேழு எண்ணினார்கள். இப்போது வாகனங்கள் கொதிப்பதில்லை, யாரும் நிற்பதில்லை. நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளை அவ்வளவு நேரம் ஒரே மரத்தடியில் வைத்திருக்க வேறு வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கூலன்டையும் வடித்த தண்ணீரையும் ஒரு வாளியில் சரிபாதியாகக் கலந்தேன். பச்சை நிறம்.

“சர்பத் மாதிரி இரிக்கி” என்றாள்.

“நஞ்சு. கை வைக்காத.”

பக்கத்து வளவு ஆடுகள் மூன்றும் வேலிக்கு இந்தப் பக்கம் வரும் பழக்கம் உள்ளவை. அந்த மணம் மிருகங்களை இழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அவளைத் தடியோடு வேலியில் நிறுத்தினேன். வாளியில் ஆறு லீற்றர். நான்கு லீற்றர் எண்ணூறு போனதும் ரேடியேட்டர் நிரம்பி வழியப் பார்த்தது. ஆயிரத்து இருநூறு மில்லிலீற்றர் மிச்சம். கழுவிய தண்ணீர் உள்ளே எங்கேயாவது தங்கியிருக்கும், அதனால்தான் கொள்ளவில்லை என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டுவிட்டேன். அந்த விளக்கம் பிழை. மிச்சத்தைப் போத்தலில் ஊற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தனியாக ஓட்டிப் பார்த்தேன். நான்காவது கிலோமீற்றரில் ஊசி பாதியைத் தாண்டியது. ஐந்தாவதில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வள்ளங்கள் இழுத்து வைக்கும் துறைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கீழே குனிந்து பார்த்தேன். ஒழுக்கு இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. இருந்தும் கொதிக்கிறது. வீட்டில் அவள் நாளைக்கு உடுக்கும் சேலையை மடிப்புத் தேய்த்துக்கொண்டிருப்பாள். முப்பது லீற்றரையும் வாங்கிக்கொண்டு வந்து இங்கே நிற்கிறேன்.

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். மூத்தவர் கழுத்தில் மாதா உருவம் உள்ள சங்கிலி போட்டிருந்தார். எனக்கு முகம் தெரியும்.

“என்ன சேர், கொதிச்சிட்டுதா?”

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆறு கொள்ள வேண்டியது நான்கு எண்ணூறுதான் கொண்டது என்பதையும் சொன்னேன்.

“அப்ப மிச்ச இடத்தில என்ன நிக்குது?”

“என்ன?”

“காத்து. வேற என்ன? எங்கட வள்ளத்து மோட்டருக்கும் எண்ணெய்க் குழாய்க்குள்ள காத்து ஏறினா இப்பிடித்தான், சண்டித்தனம் பண்ணும். மூக்கைத் தூக்கி வையுங்க, காத்து மேல வந்திரும்.”

“இந்த ஊரில எங்க மேடு இரிக்கி?”

அவர் துறையைக் காட்டினார். வள்ளம் இறக்கும் சரிவு. எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான் சரிவு. எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, பின் சக்கரங்கள் தண்ணீர்ப் பக்கமாகவும் மூக்கு வீதிப் பக்கமாகவும் இருக்கும்படி மெல்லப் பின்னால் இறக்கினேன். சக்கரங்களுக்குத் தென்னங்குற்றி வைத்தார்கள். அதற்குள் துறையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

“சேர், தொழிலுக்கு இறங்கிறீங்களா?”

“வலை இல்லாம எப்பிடிப் போறது?”

“அவர் ஒவ்வொண்டா எண்ணிப் பிடிப்பார், வலை எதுக்கு?”

மூடியைத் திறந்தேன். காருக்குள் சூட்டுக் காற்று விடும் விசையை முழுவதும் சூட்டுப் பக்கம் தள்ளினேன், அதன் குழாய்களிலும் காற்று நிற்கும். எஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டேன். குமிழி வந்தது. ஒன்று, இரண்டு. பிறகு பெரியதாக ஒன்று ஏப்பம் போல வந்து, பச்சைத் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கியது. “பாத்தீங்களா” என்றார் மூத்தவர். போத்தலில் இருந்ததை ஊற்றினேன். மறுபடி குமிழி, மறுபடி இறக்கம், மறுபடி ஊற்றல். முப்பத்துநான்கு குமிழிகள் எண்ணினேன். போத்தலில் கடைசியாக மிஞ்சியது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அதைப் பக்கத்திலுள்ள சேமிப்புப் போத்தலில், இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கும்படி ஊற்றினேன். வீடு வரும் வரைக்கும் ஊசி பாதிக்குக் கீழே ஒட்டிவைத்தது போல நின்றது.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குப் புறப்பட்டோம். மனைவி அத்தர் பூசியிருந்தாள். மடியில் ஒரு பை. அதற்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. பாலாவி, புத்தளம், பிறகு வடக்கே காட்டுப் பக்கம் போகும் பாதை. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஊசியைப் பார்த்தேன்.

“பாதிக்குக் கீழ” என்றேன்.

“றோட்டைப் பாருங்க.”

“இன்னும் பாதிக்குக் கீழதான்.”

“நீங்க மாட்டில மோதினா ஊசி எங்க நிண்டு என்ன?”

வண்ணாத்திவில்லு தாண்டிய பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உதடு மட்டும் அசைவதைக் கண்டேன். ஓதுகிறாள் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், “இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தோம், இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தோம்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்தா முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். அந்த ஒரு வருடமும் ஏழு மாதமும் அவருடைய தோளில் தெரிந்தன. காரை நிறுத்தினேன். எஞ்சின் நின்ற உடனேதான் அழுத்தம் அதிகமாக இருக்கும், ஒழுகுவதென்றால் அப்போதுதான் ஒழுகும். அதனால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, நேரே முன்பக்கம் போய், மண்ணில் முழங்காலை ஊன்றிக் கீழே பார்த்தேன். அங்கே என் காதுக்கு வந்தது இவ்வளவுதான்.

“இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தோம், ராத்தா.”

“எந்தப் பக்கம்? இதுக்கு அங்கால காடுதான் இரிக்கி. யானை பாக்க வந்தியா?”

ராத்தாவின் செருப்புச் சத்தம் காருக்குக் கிட்டே வந்தது.

“இறங்குறியா, கார்லயே இரிக்கப் போறியா?”

கதவு திறக்கும் சத்தம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் எண்ணினேன். குழாய் காய்ந்திருந்தது, கிளிப் காய்ந்திருந்தது, மண் காய்ந்திருந்தது. அந்த நான்கு நாளின் களைப்பும் ஒரே நேரத்தில் இறங்கியது போல இருந்தது. எழுந்து நின்று, சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, உரக்கச் சொன்னேன்.

“ஒரு சொட்டும் இல்ல!”

அவர்கள் இருவரும் காரின் திறந்த கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து நின்றார்கள். இரண்டு பேரின் முதுகும் குலுங்கிக்கொண்டிருந்தது. ராத்தா முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

“மச்சான், இஞ்ச ரெண்டு கிழவிகள் அழுது ஊத்திக்கொண்டு நிக்கிறோம். ஒரு சொட்டும் இல்லையாம்!”

முதலில் சிரித்தவள் என் மனைவி. பிறகு ராத்தா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யார் முதலில் மாப்புக் கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அந்த நேரம் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். “அது எங்கட கதை” என்று இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட ஆயத்தமானபோது மனைவி எழும்பவில்லை.

“நான் ராத்தா போற வரைக்கும் நிக்கிறன். புதன்கிழமை இவங்கட பிள்ளைகள் கொண்டுவந்து விடுவாங்க.”

அப்போதுதான் அந்தப் பையில் என்ன இருந்தது என்று புரிந்தது. நான்கு நாளுக்கு உரிய உடுப்பு.

அறுபது கிலோமீற்றரையும் தனியாக ஓட்டினேன். ஊசி அசையவில்லை. அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. வீட்டைத் திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு இருக்கும்போது அவள் ஃபோன் எடுத்தாள். சேர்ந்துவிட்டேனா என்று கேட்டாள். சேர்ந்துவிட்டேன் என்றேன். கேனில் ஏழு லீற்றர் இருக்கிறது, ஒரு ஆளுக்குத் தாராளம், விரும்பினால் ஆறு தேத்தண்ணியும் குடியுங்கள் என்றாள். சலாம் சொன்னாள். ஆனால் ஃபோனை நிறுத்த மறந்துவிட்டாள். எங்கேயோ மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கதைப்பது கேட்டது. என்னைப் பற்றித்தான். ராத்தா என்னைப் போலக் குரலை மாற்றி, “பாதிக்குக் கீழ, பாதிக்குக் கீழ” என்று சொல்லிக் காட்டினார். இவள் சிரித்துச் சிரித்து இருமினாள். அது முடிந்ததும் அவர்களுடைய உம்மாவைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது, குரல்கள் தாழ்ந்தன. நான் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன். பதினேழு நிமிடம். பிறகு அவளுடைய ஃபோனில் சார்ஜ் முடிந்துவிட்டது.